லாடிப்போ கனடாவில் இருந்த கதை

எங்கள் செட்டில் யாருக்கும் நோய் வருவதில்லை. வந்த நோய் குணமானது மட்டும்தான் உண்டு. எழுபத்து நான்கில் எங்கள் ஊர் இபாடானின் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்கள் நாங்கள். போனவர்கள் போக மிச்சமிருக்கும் கூட்டம், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை கைப்பேசித் திரையில் கூடுகிறது. ஆளாளுக்கு ஐந்து நிமிடம் தன் செய்தியைச் சொல்ல வேண்டும். நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டவன்கூடத் தையல் பிரித்த பிறகுதான் வாயைத் திறப்பான். "போன மாசம் ஒரு சின்ன விஷயம். கடவுள் ஜெயிச்சுட்டாரு" என்பான். நாங்கள் ஆமென் போடுவோம். அந்தச் சின்ன விஷயம் என்னவென்று கேட்பது மரியாதைக் குறைவு.

நான் எபுன். செட்டின் நலச் செயலாளர். வேலைக்காலம் முழுவதும் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தவள் என்பதால், எந்த மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டாலே எனக்கு நோய் தெரிந்துவிடும். அதனால் இப்போது மாத்திரையின் பெயரையும் மறைக்கிறார்கள். "ஏதோ வெள்ளையா ஒண்ணு" என்கிறார்கள்.

தலைவர் ஒதுன்பா அயின்டே. ஒதுன்பா என்பது அவர் ஊர் ராஜாவிடம் வாங்கிய பட்டம். வாங்கிய நாள் முதல் அதைச் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை. கல்லூரி விடுதியில் அவருக்கு மீன்தலை என்று பெயர். அடுத்தவன் தட்டில் இருக்கும் மீனுக்குத் தலை இருந்தால் அது தனக்கு என்பது அவருடைய கொள்கை. இன்றைக்கும் கோபம் வந்தால் நான் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவேன். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கிறது.

திரைக் கூட்டத்தில் என் முக்கிய வேலை வாயடைப்பது. ஒருவர் பேசும்போது மற்ற எல்லோருடைய ஒலியையும் நான் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டில் மிளகாய் அரைக்கும் சத்தமும் இன்னொரு வீட்டில் பேரன் அடி வாங்கும் சத்தமும் சேர்ந்து ஒலிக்கும். படமும் அப்படித்தான். ஒருவருடைய நெற்றி தெரியும், ஒருவருடைய மூக்கு ஓட்டை மட்டும் தெரியும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பதால் அதில் தொந்தரவு இல்லை. திரையில் எத்தனை கட்டம் இருந்தாலும் ஆளாளுக்குத் தன் மூஞ்சி இருக்கும் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். நானும்தான்.

எங்களில் சொல்லிக்கொள்ளும்படி வாழ்ந்தவன் லாடிப்போ. வானொலியில் ஆங்கிலச் செய்தி வாசித்தவன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தியைக்கூடக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல வாசிப்பான். மனைவி இறந்து சில வருடம் ஆகிவிட்டது. ஒரே மகன் டாயோ கனடாவில் கல்கரியில் இருக்கிறான். "அப்பா, இனி எங்களோட வந்து இருங்க" என்று அவன் கூப்பிட்டான். போன டிசம்பரில் லாடிப்போ கிளம்பினான்.

சும்மா கிளம்பவில்லை. இபாடானே பார்க்க வழியனுப்பு விழா வைத்தான். வெங்காயத்தோல் நிறத்தில் ஒரே துணி எடுத்து செட்டு மொத்தமும் அதில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. நானும் வாங்கித் தைத்தேன், அதே நிறத்தில் தலைக்கட்டும் கட்டினேன். எனக்கு அந்த நிறம் பொருந்தாது, மஞ்சள் காமாலை வந்தவள் போல் இருந்தேன். மேளம் அடித்தார்கள். அவன் நடுவில் ஆட, நாங்கள் சுற்றி ஆடி அவன் நெற்றியில் பணத்தை நோட்டு நோட்டாக ஒட்டினோம். ஒதுன்பா ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "நம்ம செட்டோட கொடி கனடாவுல பறக்கப் போகுது" என்று பேசி அழுதார். லாடிப்போவின் விடுதி அறைத்தோழன் சான்யா மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, "இவன் ஒரு மாசம் தாங்க மாட்டான்" என்று என் காதில் சொன்னான். பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் லாடிப்போ கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு வருவான். முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், அதில் பனிமலைப் படம். "இங்க பனி கொட்டுது நண்பர்களே" என்று செய்திக் குரலில் ஆரம்பிப்பான். ஜூலையிலும் பனி கொட்டியது. கனடா என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். பேசும்போது அவன் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக ஒழுகும். கேட்டால், "வீட்டுக்குள்ள சூடு போட்டிருக்காங்க எபுன், அந்த வசதியெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது" என்பான். அவனுக்குத் தைராய்டோ என்று எனக்குச் சந்தேகம். எதற்கும் ரத்தம் பார்த்துக்கொள் என்று தனியாகச் செய்தி அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கி ஒரு படம் அனுப்பினான்.

ஜூனில், மழை பிடித்த வாரத்தில், சான்யாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. வாய் கோணியது. பேச்சு மட்டும் சொல் சொல்லாகத் திரும்பி வந்தது. திரும்பி வந்த முதல் சொல் லாடிப்போ.

நாங்கள் யார் போனாலும் அதையே கேட்பான். "அவன் கனடாவுல இருக்கான்ப்பா" என்று சொன்னால் போதும், முகம் சிவந்து, இடது கையால் கட்டிலை அறைவான். தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடுவான். அவன் மனைவி ரேமி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். பக்கவாதத்தில் மூளையின் இந்தப் பக்கம் அடிபட்டால் காரணமில்லாமல் கோபம் வரும் என்று நான் அவளுக்கு விளக்கிச் சொல்லி, அமைதியாகத் தூங்க ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். என் படிப்பைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

கூட்ட நாளில் ரேமி கைப்பேசியைத் தலையணையில் சாய்த்து வைப்பாள். சான்யாவின் கட்டத்தில் ஒரு கண்ணும் பாதித் தாடையும் தெரியும். அவன் முறை வந்தால் ரேமி பேசுவாள். "சின்ன விஷயம்தான், தேறிக்கிட்டு வர்றாரு" என்பாள். ஆமென் போடுவோம். அந்தக் கண் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நவம்பர் கூட்டத்தில் லாடிப்போ பேசிக்கொண்டிருந்தான். மற்ற எல்லோர் வாயையும் நான் அடைத்திருந்தேன். எங்கள் பகுதி அகோபோவில் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கைப்பேசியில் மிச்சமிருந்த உயிரை வைத்துத்தான் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தேன். "நேத்து ராத்திரி முழங்கால் அளவு பனி" என்று லாடிப்போ சொல்லும்போது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் எங்கள் ஊரில் தெருவில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கூவும். எங்கள் தெருக்கோடித் தையல்காரி வீட்டுச் சின்னது மட்டும் கூவாது, ஊளையிடும். அந்த ஊளை என் ஜன்னல் வழியாகக் கேட்டது. அதே ஊளை என் கைப்பேசியிலிருந்தும் கேட்டது.

கைப்பேசியில் அப்போது திறந்திருந்த வாய் ஒன்றே ஒன்றுதான்.

லாடிப்போவின் தலைக்கு மேல் ஏதோ சுற்ற ஆரம்பித்து, பனிமலைப் படம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் அண்ணாந்து பார்த்தான், சட்டென்று தன் படத்தை அணைத்தான். "இங்க புயல் வருது, தொடர்பு சரியில்ல" என்றது குரல். எல்லோரும் புயலுக்காக ஜெபித்தார்கள். கூவல் சத்தம் யாருக்கும் உறைக்கவில்லை. அவரவர் தெருவில் தினம் கேட்கிற சத்தம்தானே. நான் மட்டும் ஆமென் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் மின்மாற்றியிலிருந்து கரண்ட் போவது மூன்று சந்துக்குத்தான். இரண்டாவது சந்தில் அமலாக் களி விற்கிற கடை இருக்கிறது. லாடிப்போ தெய்வத்தை மறந்தாலும் மறப்பான், அந்தக் கறுப்புக் களியையும் எவேடு கீரைக் குழம்பையும் மறக்க மாட்டான். கடைக்காரியிடம், "மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கம்பளி போட்டுக்கற கெழவன் யாராவது இந்தப் பக்கம் இருக்காரா?" என்று கேட்டேன்.

"கனடா பாபாவா? பின்னாடி ரெண்டு ரூம்ல இருக்காரு. நல்ல மனுஷன், மம்மி. கொஞ்சம் மண்டை சரியில்ல, அவ்வளவுதான்" என்றாள்.

கதவைத் திறந்தவன் பனியனும் அரை டிராயருமாக நின்றான். விரலெல்லாம் களி. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனான். நான் காலை உள்ளே விட்டேன்.

"கனடாவுல குளிர் எப்படிடா இருக்கு?"

"எபுன், கத்தாத. அக்கம்பக்கம் கேக்கும்."

"கேட்டா என்ன? அவங்க உன்னைப் பைத்தியம்னுதான் நினைச்சிருக்காங்க. அதைவிடக் கீழ நான் என்ன சொல்லிடப் போறேன்?"

உள்ளே இழுத்து உட்கார வைத்தான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. சுவரில் பனிமலைப் படம். அது ஒரு நாட்காட்டி. அடியில் இருந்த தேதிப் பகுதியை வெட்டி எடுத்திருந்தான். ஆணியில் கோட்டு தொங்கியது.

"எப்ப வந்த?"

"மார்ச்சுல."

"மார்ச்சா! நாங்க தச்ச துணியே இன்னும் ஒரு தடவை துவைக்கலடா."

"அதான் எபுன். அதுக்குத்தான் சொல்லல." களி காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அடித்தளத்துல ஒரு ரூம் குடுத்தாங்க. ஜன்னல் வழியாப் பாத்தா புல்லு வேர் தெரியும். மிளகாய் வறுத்தா வீட்டுல நெருப்பு மணி அடிக்குது, தெருவே வெளிய ஓடி வருது. மருமக நல்ல பொண்ணுதான். 'டாடி, ப்ளீஸ்'னு மட்டும்தான் சொல்லுவா. நாளைக்கு எத்தனை தடவை அந்த ப்ளீஸைக் கேக்கறது? அதுகூடப் பரவாயில்ல. பேரன் இருக்கானே, ஆறு வயசு. நான் அவனுக்குக் கதை வாசிச்சேன். 'தாத்தா, இங்கிலீஷ் சரியா சொல்லு, எனக்குப் புரியல'ன்னான்."

அவன் குரல் உடைந்தது. நாடே காது கொடுத்துக் கேட்ட குரல். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவனும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான்.

"உன் வீடு என்னாச்சு?"

"கெளம்பறப்ப ரெண்டு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டுட்டேன். குடித்தனக்காரன் காலி பண்ண மாட்டேங்கறான். திரும்பி வந்தா எப்படி எபுன் வெளிய வர்றது? அத்தனை பேர் ஆடுனாங்க. மீன்தலை அழுதான். கொடி பறக்குதுன்னு சொன்னான்."

"ஒதுன்பான்னு சொல்லு."

"அவன் இல்லாதப்ப கூடவா?"

எனக்கு அப்போதுதான் கோபம் சரியாக ஏறியது. "நான் மூணாவது சந்துல இருக்கேன்டா" என்றேன். "என் பிள்ளைங்க ரெண்டும் மான்செஸ்டர்ல. புருஷன் போய்ச் சேந்தாச்சு. ஞாயித்துக்கிழமை உங்க மூஞ்சியெல்லாம் அந்தக் கட்டத்துல பாக்கறதுக்காக நான் சனிக்கிழமையே தலை வாரிக்கறேன். நீ இங்க, ஊளை கேக்கற தூரத்துல உக்காந்து களி தின்னுக்கிட்டு, எனக்குப் பனிக்கதை சொல்ற. என்னை விடு. சான்யா படுத்துக் கெடக்கான். உன் பேரைத் தவிர வேற பேரு சொல்றதில்ல."

"தெரியும். வாரா வாரம் அவனுக்குத் தனியா வீடியோ போடறேன்."

"அந்தத் தொப்பியோடயா?"

அவன் கோட்டைப் பார்த்தான். "போட்டு முடிச்சதும் தொப்பியை மூஞ்சியில வெச்சுக்கிட்டு அழுவேன்" என்றான். அழுவதற்கு அது நல்ல தொப்பியாகத்தான் இருந்தது, தடிமனாக.

"எழுந்திரு. கையைக் கழுவு. இப்பவே போலாம்."

"இப்படியா?"

"வேற எப்படி?"

அவன் கண் மின்னியது. அந்த மின்னலை எனக்குத் தெரியும். விடுதிக் காவலாளியை ஏமாற்ற வழி கிடைத்தால் அப்படித்தான் மின்னும். "கனடாவுலேர்ந்து வந்தா மாதிரி வர்றேன்" என்றான். "நண்பன் உடம்பு சரியில்லன்னு பறந்து வந்தேன், அப்புறம் இங்கயே தங்கிட்டேன். யாருக்கும் தப்பாத் தெரியாது. யோசிச்சுப் பாரு எபுன், எல்லாம் சரியாயிடும்."

யோசித்தேன். புத்தியுள்ளவள் அங்கேயே முடியாது என்று சொல்லியிருப்பாள். ஆனால் சான்யாவுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று அவன் சாப்பிடும் மாத்திரைகளிலிருந்து எனக்குத் தெரியும். கோட்டோடு போனால் என்ன, பனியனோடு போனால் என்ன, இவன் அந்தக் கட்டிலருகே போய்ச் சேர்ந்தால் சரி என்று நினைத்தேன். சனிக்கிழமை என்று முடிவு செய்தோம்.

ரேமியிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். அவள் மூச்சு விடவில்லை, ஒதுன்பாவின் மனைவியிடம் மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் செட்டுக் குழுவில் ஒதுன்பாவின் அறிவிப்பு வந்துவிட்டது: "உயிர் நண்பனுக்காகக் கடல் கடந்து வரும் நம் சகோதரரை வரவேற்போம். எல்லோரும் வெங்காயத்தோல்."

சனிக்கிழமை காலை லாடிப்போ வீட்டுக்குப் போனேன். கோட்டு, தொப்பி, பூட்ஸ், சக்கரம் வைத்த பெட்டி. பெட்டியில் விமான நிலையச் சீட்டுக்கூட ஒட்டியிருந்தது, மார்ச்சில் ஒட்டியது. கனடாச் சாக்லேட் என்று ஒரு பை. டுக்பே சந்தையில் வாங்கியிருக்கிறான், விலைச்சீட்டைச் சுரண்டி எடுக்க எனக்கு வழியெல்லாம் வேலை இருந்தது. அகோபோவிலிருந்து ஒரு பங்கு டாக்ஸி, இறங்கி சான்யா இருக்கும் ஓகே-அடோவுக்கு இன்னொன்று. உள்ளே ஆறு பேர் நெருக்க, நடுவில் இவன் கோட்டோடு. "பாபாவுக்குக் குளிர்க் காய்ச்சலா?" என்று ஓட்டுநர் கேட்டான். "ஆமாம்ப்பா, முத்திப்போச்சு" என்றேன்.

சான்யா வீட்டுச் சந்து முழுக்க வெங்காயத்தோல். மேளக்காரனையும் கூட்டி வந்திருந்தார் ஒதுன்பா. எங்கள் ஊர் மேளம் பேசும்; அது லாடிப்போவின் பெயரையும் அவன் அப்பன் பாட்டன் பெயரையும் சொல்லி அழைத்தது. நாங்கள் டாக்ஸியிலிருந்து இறங்கியதைப் பார்த்து, "ஏன் டாக்ஸி, என் காரை அனுப்பியிருப்பேனே" என்று ஒதுன்பா குறைப்பட்டுக்கொண்டார். பிறகு வீட்டு வாசலில் நின்று விமானத்துக்காகவும், அதை ஓட்டியவனுக்காகவும், கீழே இருந்த கடலுக்காகவும் நன்றி சொல்லி ஜெபித்தார். லாடிப்போவின் தாடையில் வியர்வை சொட்டியது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "கனடா காத்து, தோலு எப்படிப் பளபளங்குது பாரு" என்றாள்.

அறைக்குள் போனோம். எல்லோரும் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றார்கள், வர முடியாதவர்கள் ஜன்னலில் தொத்திக்கொண்டார்கள். சான்யா தலையணையில் சாய்ந்திருந்தான். நான் போன வாரம் பார்த்ததைவிட இளைத்திருந்தான். அந்தக் கண் லாடிப்போவின் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை இறங்கி, மறுபடி மேலே ஏறியது.

"சான்யா" என்றான் லாடிப்போ. செய்திக் குரல் வரவில்லை. "வந்துட்டேன்டா. கேள்விப்பட்டதும் கெளம்பிட்டேன்."

சான்யா வாயைத் திறந்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"கோட்டைக்... கழட்டு. வேர்க்குது... உனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். "பாரு, தமாஷ் பண்றான், தேறிட்டான்" என்று ஒதுன்பா கைதட்டினார். லாடிப்போ கோட்டைக் கழற்றினான். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கனடாவுல" என்றான் சான்யா, "ஓணான்... இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருத்துவம் தெரிந்தவள் நான்தானே. மூளையில் இன்னொரு இடத்திலும் ரத்தம் அடைத்திருக்கும் என்று நினைத்து அவன் நெற்றியில் கை வைக்கப் போனேன். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டான்.

"நீ... பனி கொட்டுதுன்னு சொன்ன. உன் பின்னாடி... சுவத்துல ஓணான். செவப்புத் தல. நீ சொல்லச் சொல்ல... ஆமா ஆமான்னு... தலையாட்டிச்சு."

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. ரேமி வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிலை அறைந்ததும் குவளையைத் தட்டிவிட்டதும் என் கண்முன் வந்தன. அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையும் வந்தது. இத்தனை பேர் இத்தனை மாதமும் தவறாமல் கூடினோம். தன் மூஞ்சியை விட்டுவிட்டு அடுத்தவனைப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான்.

லாடிப்போ தொப்பியைக் கையில் எடுத்து முறுக்கினான். "எப்பலேருந்து தெரியும்?" என்றான்.

"விழுந்ததுலேருந்து... பாத்துக்கிட்டுத்தானே... இருக்கேன். வேற என்ன... வேல எனக்கு?" சான்யாவுக்கு மூச்சு வாங்கியது. ரேமி தண்ணீர் கொடுத்தாள். அதைத் தள்ளிவிட்டு அவன் முடித்தான். "இபாடானை விட்டா... நீ எங்க போவ? கனடாவுலேர்ந்து வர... ஒரு நாள் போதும். இபாடான்லேர்ந்து இபாடானுக்கு வர... உனக்கு... ஒரு மழைக்காலம் ஆச்சு."

மேளக்காரன் வெளியே எதுவும் தெரியாமல் லாடிப்போவின் பாட்டன் பெருமையை அடித்துக்கொண்டிருந்தான்.

சான்யா லாடிப்போவைவிட மூன்று மாதம் பெரியவன். விடுதியில் முதல் நாளிலிருந்து அந்த மூன்று மாதத்துக்காக அவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் அண்ணன், காலில் விழு என்பான் சான்யா. உன் பிறந்தநாள் சீட்டே பொய் என்பான் லாடிப்போ. ஐம்பது வருடத்துக்கு மேலாக அவன் ஒருதடவைகூடக் குனிந்ததில்லை. அன்று அந்தச் சிமெண்டுத் தரையில், எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும், வயிறு தரையில் பட முழு உடம்பும் நீட்டி விழுந்தான். எங்களில் தகப்பனுக்கும் மூத்தவனுக்கும் அப்படித்தான் விழுவார்கள். எழுந்திரிக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. அப்படியே கிடந்து அழுதான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைக்க மனமில்லை.

மேலேயிருந்து சான்யாவின் இடது கை இறங்கி வந்து அவன் வழுக்கையில் ஒரு தட்டுத் தட்டியது. வலிக்கும்படித்தான் தட்டினான்.

ஒதுன்பாவுக்குத்தான் தாமதமாக உறைத்தது. "அப்ப... விமானம்?" என்றார்.

"ரெண்டு டாக்ஸி மாறி வந்தேன், ஒதுன்பா" என்றான் லாடிப்போ தரையிலிருந்து.

"நான் மேளம் வேற வெச்சேனே! கடலுக்கெல்லாம் ஜெபிச்சேனே!"

"போகட்டும் விடு மீன்தலை" என்றேன். "கடலுக்கும் யாராவது ஜெபிக்கணும்ல."

முதலில் சிரித்தது சான்யா. பாதி வாயில்தான் சிரிப்பு வந்தது, ஆனால் அவனுடைய பழைய சிரிப்புதான். பிறகு வெங்காயத்தோல் மொத்தமும் சிரித்தது. சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்தோம். ஒன்றில் விலைச்சீட்டு இன்னும் இருந்தது.

டிசம்பர் கூட்டத்தில் சான்யாவின் கட்டத்தில் இரண்டு தலை தெரிந்தது. லாடிப்போ இப்போது அங்கேயே இருக்கிறான், களி ஊட்டிவிடுகிறான், பேரன் கதையெல்லாம் சொல்கிறான், இரவில் திருப்பிப் படுக்க வைக்கிறான். சான்யாவின் முறை வந்தபோது ரேமி வாயைத் திறந்தாள். சான்யா இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தி, லாடிப்போவைக் காட்டினான். லாடிப்போ தொண்டையைச் செருமினான். நாடே காது கொடுத்துக் கேட்ட அந்தக் குரல், ஆங்கிலத்தில், பிசிறில்லாமல் வந்தது.

"செய்திகள். வாசிப்பது லாடிப்போ. சான்யாவின் வலது கை வேலை செய்யவில்லை. காலும் இல்லை. சிறுநீர் படுக்கையிலேயே போகிறது. முந்தாநாள் இரவு அவன் பயந்துபோய் அழுதான். டாக்டர் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. மற்றபடி இந்தச் செய்தியாளர் கனடாவில் இல்லை."

எல்லோரும் ஆமென் போடும் இடத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. அவன் தாளைப் புரட்டுவது போல் சும்மா கையை அசைத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சான்யா கடைசி வரை இமைக்காமல் கேட்டிருந்துவிட்டு, "இங்கிலீஷ்... புரியல. சரியாச் சொல்லு" என்றான்.

நான் எல்லோருடைய வாயையும் திறந்துவிட்டேன்.